மற்றவை

நீர் மூன்று மீட்டரைத் தொட்டால்
முகத்துவாரக் கதவு தானே மூடும்.
யாரையும் கேட்காது.
ஸீலாந்தில் புயலடிக்கும் இரவுகளில்
வீட்ஸ்கேவுக்கு வேலை
திரையைப் பார்ப்பது,
ஆறிய காப்பியை மறுபடி சுடவைப்பது.

கால்வாய் காலி என்றது திரை.
சிகரெட் புகை போகட்டுமென்று
ஜன்னலை ஒரு சாண் திறந்தாள்.
மழைக்குள் எங்கோ
டுக் டுக் டுக்,
பழைய டீசல் இஞ்சின்.

சிவப்புப் பொத்தானின் மூடியில்
நகம் உடைந்தது.
நான்கு நிமிடம் நின்றது கதவு.
விளக்கில்லாத இறால் படகொன்று
இருமிக்கொண்டே உள்ளே வந்தது.
அதற்குள் ஊரின் நிலவறைகளில்
எத்தனை விரற்கடை ஏறியதோ தண்ணீர்.

தாமதத்துக்குக் காரணம் கேட்டது கணினி.
பதினெட்டுக் காரணங்களை நீட்டியது;
அவற்றில் காது இல்லை.
'மற்றவை'யைத் தொட்டாள்.
விசைப்பலகையெல்லாம் சாரல்.
சட்டைக் கையால் துடைத்தாள்.