விளக்குமாறு கட்டிய வண்டி

நாலாம் நாள். தொண்டியிலிருந்து அரிச்சல்முனை.
நூற்று இருபத்தாறு கிலோமீட்டர்.
பாதைத் தாளில் மலை என்று ஒரே ஒரு முக்கோணம்,
அதுவும் பாம்பன் பாலம்.
மேடே இல்லாத ஊர் என்று
முதல் நாள் சாயல்குடியில் சிரித்தார்களாம்.
காற்றுக்கு முக்கோணம் போட
அந்தத் தாளில் இடமில்லை.

என் வண்டி ஐஸ் மீன் ஏற்றுகிற வண்டி.
ஆறு நாள் வாடகை.
பின்கதவில் விளக்குமாறு கட்டச் சொன்னார்கள்,
கடைசி ஆளுக்கும் பின்னால் வரச் சொன்னார்கள்,
முடியாதவனை ஏற்றிக்கொள்ள.
எத்தனை கழுவியும் நெத்திலி வாசம் போகவில்லை.
இதுவரை ஏறிய பதினோரு பேரும்
ஏறியதும் முகத்தைச் சன்னலுக்குத் திருப்பினார்கள்.
வாசத்துக்கா, வேறெதற்கா, நான் கேட்கவில்லை.
நடுவர் பிரிஸ்கில்லா மேடம்
முதுகில் குத்திய எண்ணைக் கழற்றுவார்.
ஆளுக்கு நாலு ஊக்கு.
டாஷ்போர்டில் நாற்பத்துநாலு ஊக்கு
ஒவ்வொரு வளைவிலும் கிலுகிலுக்கும்.

ஐப்பசி முடியப்போகிறது.
இவர்களுக்கு இதுதான் வருசத்தின் கடைசிப் பந்தயம்.
தை பிறந்தால் பாதிப் பேருக்கு
எந்த அணி, எந்தச் சட்டை, தெரியாதாம்.

தேவிபட்டினம் வரை வாடை முதுகில் கைவைத்துத் தள்ளியது.
ராமநாதபுரத்தில் கிழக்கே திரும்பியதும்
கொண்டல் கன்னத்தில் அறைந்தது.
ஒருத்தன் இடுப்புக்குப் பின் ஒருத்தன் ஒதுங்கி
கூட்டம் சாலையின் குறுக்கே சாய்வாக விரிந்தது.
தார் தீர்ந்து மண் தொடங்குகிற ஓரத்தில்
ஒருத்தனுக்கு மட்டும் ஒதுங்க முதுகு இல்லை.

எழுபத்துநாலு.
பட்டியலில் பேர் இருந்தது.
சொல்லிப் பார்த்தேன், நாக்கு வழுக்கியது.

பெருங்குளத்தில் பள்ளிப் பிள்ளைகள் கொடியைச் சுருட்டிவிட்டார்கள்.
போலீஸ்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.
தண்ணீர்க் குடம் அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று
அவனுக்கு முன்னால் சாவகாசமாகச் சாலையைக் கடந்தது.
பந்தயம் இன்னும் ஓடுகிறது என்று தெரிந்தவர்கள்
அங்கே மூன்றே பேர்.
பக்கத்தில் போய்க் கதவைத் திறந்து காட்டினேன்.
திரும்பிப் பார்க்காமல்
ஈ ஓட்டுவதுபோல் கையை அசைத்தான்.
முதுகில் எண்ணின் ஒரு மூலை
கழன்று படபடத்தது.

உச்சிப்புளி தாண்டியதும் கேட் போட்டிருந்தது.
ராமேசுவரம் பாசஞ்சர்.
கேட்கீப்பர் முனீசுவரியிடம்
பந்தயம் வருகிறது என்று சொல்லியிருந்தார்கள்.
ரயிலிடம் யாரும் சொல்லவில்லை.

தப்பிப்போன நாலு பேர் அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் அறுபது பேர் ஒரு காலை ஊன்றி.
சிலர் கருவேலம் புதர் பக்கம் ஒதுங்கினார்கள்.
ஒருத்தன் யாரோ கொடுத்த தேங்காய் பன்னை
இரண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

பதின்மூன்று நிமிடம் பின்னால் இருந்தவன்
மூச்சிரைக்க வந்து
அவர்களோடு நின்றான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பன்காரன் சக்கரத்தை நகர்த்தி
காற்றுப் படாத நடுவில் இடம் விட்டான்.
மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.
ஒரு பக்கத்தில் விரலை வைத்தார், எடுத்தார்.
‘கேட்டும் பாதைதானே’ என்று
என்னிடமா தன்னிடமா சொல்லிக்கொண்டார்.

ரயில் போனது, சன்னல்களெல்லாம் முகம்.

பாம்பன் பாலம் ஏறும்போது
நூல் அறுந்ததுபோல் மறுபடி விழுந்தான்.
கீழே விசைப்படகுகள் ஒரே பக்கம் மூக்கை வைத்திருந்தன.
தனுஷ்கோடிச் சாலையில் இரண்டு பக்கமும் கடல்,
தார்மேல் மணல் பாம்பு பாம்பாக ஊர்ந்தது.
நான் விளக்கைப் போட்டு
அவன் நிழலை அவனுக்கு முன்னால் அனுப்பினேன்.
வேறு துணை எதுவும் என்னிடம் இல்லை.

முனையில் வளைவுத் துணியைக் காற்று எப்போதோ கிழித்துவிட்டது.
கடிகாரம் மட்டும் ஓடியது. இன்னும் நாற்பது நொடி இருந்தது.
தூணைச் சுற்றி வந்து
இறங்கத் தெரியாதவன்போல் கைப்பிடியில் சாய்ந்து நின்றான்.

பிறகு என் வண்டிக்கு வந்தான்.
ஏறத்தான் வருகிறான் என்று கதவைத் திறந்தேன்.
முதுகைத் திருப்பி, தொங்கும் மூலையைத் தொட்டு,
இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினான்.

டாஷ்போர்டில் இப்போது
நாற்பத்து மூன்று.