ஐந்தாம் விதி

செங்காங், பதினான்காம் மாடி.
பாம் ஷெல்டருக்குள் ரௌட்டரை வைத்திருந்தார்கள்,
அரிசி மூட்டைக்கும் மடக்கிய குழந்தை வண்டிக்கும் நடுவில்.
இந்த இரும்புக் கதவைச் சாத்தினால் சிக்னல் செத்துப்போகும்
என்று சொல்லித்தான் வேலையைத் தொடங்கினேன்.

"இரண்டாகப் பிரிக்கணும்," என்றார் பிரமிளா.
"வீட்டையா?"
"வீட்டை விற்க இன்னும் பதினோரு மாசம் இருக்கு.
இதை மட்டும்."
சோபாவில் ஹேமராஜ், காலுறையைக் கழற்றாமல்,
தலையை ஆட்டினார்.

கம்பி இழுக்க வேண்டாம், சுவர் எழுப்ப வேண்டாம்.
காற்று அதே காற்று. பெட்டி அதே பெட்டி.
வெளியே போகும் கண்ணாடி இழையும் ஒன்றுதான்.
ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும்
ஓர் எண்ணை எழுதிவிடுவேன்:
பத்து என்றால் அவர், இருபது என்றால் இவர்.
தலையெழுத்து என்று இதற்குப் பெயர் வைத்தவள் நான்.
என் கம்பெனியில் யாரும் சிரிக்கவில்லை,
யாருக்கும் தமிழ் தெரியாது.

பட்டியலைத் திறந்தேன்.
அதுவரை எல்லாம் ஒரே தெருவில் குடியிருந்தன:
இரண்டு மடிக்கணினி, இரண்டு கைப்பேசி,
ஏர்கான், பிரிண்டர்,
மீன்தொட்டிக்கு நேரத்துக்குத் தீனி போடும் கருவி,
அப்புறம் பெயரில்லாத ஒன்று.
மூவரும் தேடினோம்.
அலமாரியில் சார்ஜரோடு கிடந்த பழைய போன்.
தட்டினால் திரையில் ஒரு கடற்கரை,
மணலில் இரண்டு ஜோடிச் செருப்பு.
இதை எந்தப் பக்கம் போட என்று கேட்டேன்.
பிரமிளா வாங்கி அணைத்துவைத்தார்.

முதல் விதி: பத்திலிருந்து இருபதுக்கு வழியில்லை.
இரண்டாவது, அதையே திருப்பிப் போட்டது.
மூன்றாவதில் கொஞ்சம் தாராளம்:
இருவரும் ஊர் உலகம் எங்கும் போகலாம்.
நான்காவதை விளக்கத்தான் நேரமாயிற்று.
கேள்வி இங்கிருந்து புறப்பட்டிருந்தால்
அதன் பதிலுக்கு உள்ளே இடம் உண்டு.
கேட்காத பதிலுக்குக் கதவு திறக்காது.
"அப்போ நான் கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்த ஹேமராஜ்
மீதியை மீன்தொட்டியைப் பார்த்து விழுங்கினார்.
"அது வெளியுலகத்துக்கு, சார்," என்றேன்.

அவர் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு
நான்கு முறை தட்டிப் பார்த்தேன்.
அனுப்பியது நான்கு.
திரும்பி வந்தது பூஜ்யம்.
என் தொழிலில் இதைத்தான்
சரி என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அப்போதுதான் டியூஷன் முடிந்து வந்தான் விரோஷன்,
அக்குளில் இடுக்கிய டேப்லட்டோடு.
"என்னது எதுல?"
கீழே எல்ஆர்டி ஒன்று வளைந்து போனது.
இருவரும் ஒரே நேரத்தில் வாய் திறந்து
ஒரே நேரத்தில் மூடினார்கள்.
அன்றைக்கு அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம்.

முப்பது என்று இன்னொரு மண்டலம் போட்டேன்.
பிரிண்டர் அதில், மீன் தீனி அதில், அவனும் அதில்.
ஐந்தாம் விதி:
முப்பது பத்தோடும் பேசலாம், இருபதோடும் பேசலாம்.
பையன் சுற்றி வந்து திரையை எட்டிப் பார்த்தான்.
"அப்போ இவங்க என் வழியாப் பேசிக்குவாங்களா?"
"முடியாது. வழி காட்டுறது ரௌட்டர் வேலை.
உன் வேலை இல்லை."
நிம்மதியா, ஏமாற்றமா, தெரியவில்லை.
பதினொரு வயது முகத்தில் எதையும் படிக்க முடியாது.
உன் வைஃபைக்குப் பெயர் சொல் என்றேன்.
"மீன்."
கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாமல் அவனே அடித்தான்.

நான் கிளம்பும்போது பிரிண்டர் விழித்துக்கொண்டது.
அவனுடைய பின்னக் கணக்குத் தாள்,
அதன் மேலேயே வீட்டு ஏஜெண்டின் படிவம்,
ஒரே தட்டில், ஒரே சூட்டோடு.

மொத்தம் நூற்றிருபது வெள்ளி.
மின்தூக்கி ஒன்பதாம் மாடியைத் தாண்டும்போது
என் போன் அதிர்ந்தது: அறுபது, ஹேமராஜ்.
நான்காம் மாடியில் இன்னொரு அறுபது.
கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்து ரசீது எழுதினேன்.
பெயர் போட வேண்டிய கோடு ஒன்றுதான் இருந்தது.