எட்டு கோர் போதும்

ஒன்பதாயிரம் தள்ளி எடுத்த சீட்டுப்பணம்
கைப்பையில் கனக்கிறது.
கடலூரில் பஸ் ஏறி
அரியாங்குப்பம் பாலத்தில் அரைமணி நின்று
புதுச்சேரி, காமராஜ் சாலை, முதல் மாடி.
கடைக்காரர் பெயர் அமலோற்பவநாதன்.
"பையனுக்கா மேடம்?"
எனக்கு.

பதினாறு கோர் பெட்டியைக்
கண்ணாடி மேசைமேல் வைத்தார்,
நகைக்கடையில் ஆரம் வைப்பதுபோல.
"ஃபோர்கே ஆடணும்னா இதுதான்.
இதுக்குக் கீழ போனா அப்புறம் வருத்தப்படுவீங்க."

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
வருத்தப்படுகிறவர்களை வரிசையாகப் பார்த்தாயிற்று.
எங்கள் பிரிவில் டோக்கன் கொடுப்பவள் குணபூஷணி.
மின்னல் கை.
நிமிஷத்துக்கு நாற்பது கிழிப்பாள்.
உள்ளே மெஷின் ஒன்றுதான்.
விரல் படமென்றால் வரிசை ஓடும்,
அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.
முதுகுத்தண்டு வந்துவிட்டால்
திரும்பிப் படுங்க, இன்னும் கொஞ்சம், தாயத்தைக் கழற்றுங்க
என்று ஆளுக்குப் பத்து நிமிஷம்.
அப்போது குணபூஷணி
நகம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எண்பத்துமூன்று லட்சம் புள்ளிகள்.
நொடிக்கு அறுபது தடவை
அத்தனையையும் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு.
பதினாறு கோரானாலும் பிராசஸர்
பக்கத்தில் நின்று நகம் பார்க்கும்.

"எட்டு கோர் போதும். மிச்சத்தைக் கார்டில் போடுங்க."

அமலோற்பவநாதன்
பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"சின்னத் திரையில வேகமா ஆடுறவனுக்குத்தான் இது.
அதைச் சொன்னா யாரு வாங்குவா"
என்று சிரித்து
டீ சொன்னார்.

அடுத்தது மதர்போர்டு.
ஒன்று ஏழு நிறத்தில் மின்னியது,
மாசிமகத்துக்குத் தேவனாம்பட்டினம் வந்து நிற்கும்
சாமி வண்டி மாதிரி.
வேண்டாம்.
என் பழைய போர்டு உப்பில் செத்தது.
வீட்டிலிருந்து கடல் அறுநூறு அடி.
ஜன்னல் கொக்கியைத் தின்று
மிக்ஸி திருகைத் தின்று
சைக்கிள் செயினைத் தின்று
கடைசியில் அதற்கும் வந்தது காற்று.
சாலிடர் முனைகளில் பச்சைப் பூ.
மதிய இடைவேளையில்
அதற்கும் ஒரு படம் எடுத்தேன்
(மேலதிகாரிக்குத் தெரிய வேண்டாம்).
குருவியின் எலும்புக்கூடு போல
அவ்வளவு மெல்லிசாக இருந்தது உள்ளே.

ஆகவே விளக்கில்லாத ஒன்று.
தடித்த ஹீட்சிங்க்.
மின்சாரம் பிரிக்கிற கட்டைகளை
விரல் வைத்துப் பன்னிரண்டு எண்ணினேன்.
நாலு வருஷம் கழித்து
வேறு பிராசஸர் வந்து உட்காரக்கூடிய சாக்கெட்.
புயலில் கரண்ட் பாதியில் போய்
பயாஸ் கெட்டாலும் மீட்க
பின்னால் ஒரு குட்டிப் பொத்தான்.
"வைஃபை?"
வேணும். வீட்டு ஓனர்
சுவரில் ஆணியே அடிக்க விடமாட்டார்.

திரும்புகையில் கண்டக்டர்
மடியிலிருந்த பெட்டிக்கும் டிக்கெட் கேட்டார்.
கொடுத்தேன்.

இரவு பதினொன்று.
மூலையில் தங்க முக்கோணம் பார்த்து
இரண்டு விரலால் பிராசஸரை இறக்கினேன்.
அழுத்தக் கூடாது, தானாக உட்கார வேண்டும்.
கொண்டியை மாட்டும்போது ஒரு முனகல்;
முதல் தடவை கேட்கிறவர்கள்
உடைந்ததென்றே நினைப்பார்கள்.

பொத்தானை அழுத்தினேன்.
காற்றாடி சுற்றுகிறது. திரை கருப்பு.
ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம்.
மெமரி தன்னைப் பழக்கிக்கொள்கிறதாம்,
அணைக்காதே என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.
டார்க்ரூம் இருந்த காலத்தில்
ஃபிலிம் தொட்டிக்குள் கிடக்கையில்
இப்படித்தான் நிற்போம்.
காலையில் ஏழரைக்கு டியூட்டி.
தினம் நூறு பேருக்குச் சொல்வதை
வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது:
மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க.

வெள்ளை எழுத்து.
எட்டு கோர். முப்பத்திரண்டு ஜிபி.
தேதி மட்டும் தப்பு,
ஏதோ ஒரு வருஷத்து ஜனவரி ஒன்று.
இருக்கட்டும்.