கடன்காரனுக்குப் பழுப்பு நிறம்

ஒரே ரயில் நிலையத்துக்கு
பீல் என்றும் பியேன் என்றும் இரண்டு பெயர் எழுதிய ஊரில்
மூன்றாவது மொழியொன்றை
மடிக்கணினிக்குள் வைத்துக்கொண்டு வந்திறங்கினேன்.

பழைய கடிகாரத் தொழிற்சாலை, இரண்டாம் மாடி.
மணி ஐந்தேகால். ஒன்பதுக்கு வாசிக்க வேண்டும்.
மேசைக்கு ஒரு கால் குட்டை.
ரயில் அட்டவணையை நாலாய் மடித்து
அதற்கு அண்டைகொடுத்தேன்.

திரைதான் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
மென்பொருளோடு வந்த திரை,
முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன அலமாரிகளோடு
கைக்கு வந்த வாடகை வீடு.
இடப்பக்கம் ஒலி நூலகம்:
ஆயிரத்து எழுநூறு முரசுகள். நான் தட்டப்போவது நாலு.
மூடினேன்.
கீழே விளக்கப் பெட்டி.
சுட்டி எதன்மேல் நின்றாலும்
‘இது என்னவென்றால்’ என்று தொடங்கிவிடும்.
மூடினேன்.
கலியாண வீட்டில் யாரோ ஒலிபெருக்கியை
அணைத்த மாதிரி இருந்தது.

மிஞ்சிய இடத்தில் தடங்கள்.
ஆடியோ ஒன்று, ஆடியோ இரண்டு என்று
கைதிகளைப்போல் எண்ணோடு நின்றன.
பெயர் வைத்தேன்.

அடித்தொனிக்கு முரடன்.
ஏரிக்கரைப் படகுகளில்
கயிறு கம்பத்தில் மோதும் ஒலிக்கு
நித்திரைகெடுப்பான்.
‘போட்டு வாறன்’ என்று சொல்லியும்
செருப்பை மாட்டியபடி அரைமணி கதைக்கும்
அந்த நீண்ட முழக்கம் விருந்தாளி.
அனுப்பியதெல்லாம் திரும்பி வந்து வாசலில் நிற்கும்
எதிரொலிக்குக் கடன்காரன்.
அவனுக்குப் பழுப்பு நிறம்,
வங்கிக் கடித உறையின் நிறம்.

மேளக்காரன் ரேதோ எட்டிப் பார்த்தான்.
‘இந்தச் சுருள்களுக்குள் எது பாஸ்?’
‘சிவப்பு’ என்றேன்.
ஒலிப்பலகையிலிருந்து ஓடீல் தலை நிமிராமல் சொன்னாள்:
‘சிவப்பு நிறுத்துவதற்கு. வேறு எதற்கும் இல்லை.’
முரடனை நீலமாக்கினேன்.
நீலத்தில் கொஞ்சம் சாதுவாகத் தெரிந்தான்.

பிறகு, மூலையில் ஓடிய கடிகாரத்தை மறைத்தேன்.
இந்த ஊரில் அதைச் செய்ய
விரல் ஒரு கணம் தயங்கியது.
அருகில் கணினியின் மூச்சிரைப்பைக் காட்டும்
சின்ன அளவி. அதுவும் வேண்டாம்.
வாசிக்கிறவளுக்கு நாடி பார்த்துக்கொண்டிருக்க ஏது நேரம்.

எழுபது பேர் வந்திருந்தார்கள்.
மூன்றாவது துண்டில் நித்திரைகெடுப்பானை
கடன்காரனிடம் கொடுத்தேன்.
வாங்கியதைத் திருப்பித் தந்தான். இன்னும் தந்தான்.
வட்டி குட்டி போட்டது,
குட்டி குட்டி போட்டது.
ஒலி ஓரங்களில் பொரியத் தொடங்கியது,
சூடான எண்ணெயில் கடுகு போல.
சனம் அதையும் இசையென்று தலையாட்டியது.
ரேதோ மட்டும் கண்ணை விரித்தான்.
எனக்குத் தெரியவில்லை.
எதைப் பார்த்துத் தெரிய வேண்டுமோ
அதை நானே மூடிவைத்திருந்தேன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் ஓடீல்.
தமிழ் அறியாதவள். திரையைப் பார்த்தாள்.
என் தோளுக்கு மேலாக விரலை நீட்டி
பழுப்பைத் தொட்டாள்.

நிசப்தம்.
அதற்குள்ளும் விருந்தாளி மட்டும்
இன்னும் விடைபெற்றுக்கொண்டிருந்தார்.
கைதட்டினார்கள். முடிவென்று நினைத்திருக்க வேண்டும்.
நானும் முடிவென்றே குனிந்து வணங்கினேன்.

எல்லோரும் போனபின்
அளவியைத் திரும்பக் கொண்டுவந்தேன்,
மூலையில், அரிசியளவில்.
கடிகாரத்தைக் கொண்டுவரவில்லை.
‘இந்த அமைப்பைச் சேமிக்கவா?’
மென்பொருள் பிரெஞ்சில் கேட்டது. பெயரும் கேட்டது.
ஓடீல் என்று தட்டினேன்.
அவளிடம் சொல்லவில்லை.

பேர்ண் போகும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு?
குனிந்து அட்டவணையை உருவினேன்.
மேசை சாய்ந்தது.