கையெழுத்து ஒத்துவரவில்லை

மார்த்தாண்டம் சந்தையில்
வாழைக்குலை ஏலத்தைத் தாண்டி
மாடியேறினால் எங்கள் ஆபீஸ்.
மொட்டைமாடியில் வெள்ளைக் குட்டுவம் போல ஒரு டிஷ்,
தொண்ணூற்றாறில் வந்தது.
பம்பாயில் இனி கூவி விற்பதில்லை,
எல்லாம் திரையில்தான் என்றார் முதலாளி மரியவில்சன்.
கீழே மீன்காரிகள்
அன்றும் கூவித்தான் விற்றார்கள்.

இடவப்பாதி மழையில் சிக்னல் போகும்.
அதே மழையில் பால்வெட்டும் நிற்கும்.
வேலையில்லாத தங்கையன்
வேலையில்லாத என் முன்னால் வந்து உட்காருவார்.
திரையில் பத்து நாற்பதின் விலைகள்
உறைந்து கிடக்கும்
ஆசிட் ஊற்றிய ரப்பர்பால் போல.

"ஷீட்டு விலை விழுந்தா டயர் கம்பெனி ஏறும் பிள்ளே.
தோட்டத்துல போனத மாடியில பிடிப்பேன்."
சில வருஷம் பிடித்தார்.

பீரோவில் கிடந்த இருபத்தைந்து பங்கின் பத்திரத்தை
டீமேட்டுக்கு அனுப்பினோம்.
ஒரு மாதத்தில் திரும்பியது:
கையெழுத்து ஒத்துவரவில்லை.
பம்பாய்க்கு என்ன தெரியும்,
எழுபத்திரண்டில் அவர் போட்டது மலையாளத்தில்.
படித்த பள்ளிக்கூடம் திருவிதாங்கூரில் இருந்தது.
அப்புறம் கட்டடம் நகராமலே
இந்தப் பக்கம் வந்துவிட்டது,
அவரும்தான்.
பழையபடி போடும் என்றேன்.
'த'வின் அந்த வளைவை
மூன்று தாளில் தேடினார்.
நாலாவதில் கை தானாகப் போனது.

ஆயிரத்தில் தொடங்கிய நிஃப்டி
இரண்டாயிரத்தெட்டு ஜனவரியில் ஆறாயிரம் தாண்டியது.
ஆபீஸ் முழுக்க லட்டு, மரியவில்சன் செலவு.
அக்டோபரில் இரண்டாயிரத்து ஐநூறு.
அந்த வருஷம் ஷீட்டும் டயரும் சேர்ந்தே விழுந்தன,
அவர் கணக்கில் அப்படி ஒரு வரி இல்லை.
மூன்றரைக்குத் திரை அடங்கியும்
எழும்பிப் போகவில்லை.
ஃபேனை நிறுத்திவிட்டுச் சொன்னேன்:
அடைக்கப் போறேன், அண்ணாச்சி.
"அந்த இருபத்தஞ்ச விக்காதே, கேட்டியா."
விற்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

டிஷ்ஷை இறக்கி ஆக்கருக்குப் போட்டாயிற்று.
அந்தத் தளத்தில் இப்போது மொபைல் கடை.
நிஃப்டி இருபத்தையாயிரம் என்கிறது என் கைப்பேசி.
போன வாரம் குவைத் மகளுக்குக் கொஞ்சம் பணம் வேண்டி
குலசேகரத்துக்கு என்னைக் கூப்பிட்டார்,
ஐந்து பங்கு விற்க.
ஓடிபி வந்தது.
கண்ணாடியைத் துடைத்து
ஆறு எண்ணையும் ரேஷன் பில்லின் பின்பக்கம்
ஒவ்வொன்றாக எழுதினார்,
அடியில், கேட்காமலே,
கையெழுத்தும் போட்டார்.
மலையாளத்தில்.

தாளை என்னிடம் நீட்டினார்.
நேரம் முடிந்துவிட்டது, இன்னொரு ஓடிபி கேட்க வேண்டும்.
அவர் வெளியே பார்த்தபடி,
"ஷீட்டுக்கு இன்னைக்கு என்ன வெலையாம்?"