இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

டெட்லெஃப் ஸ்ட்ரூவே செத்த செய்தி
வானொலியில் வந்தபோது
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.
"மாபெரும் கலகக்காரர்" என்றார்கள்.
"சொந்தக் கூட்டைக் கறைப்படுத்தும் பறவை" என்று
முன்பொரு நாள் சொன்ன அதே நிலையம்.
கத்தியைக் கீழே வைக்கவில்லை.
சீவி முடித்தேன்.

ஒன்பது படங்கள். ஒன்பதையும் வெட்டி ஒட்டியவள் நான்.
என் பெயர் ஆறில் வரும்,
இரண்டில் எழுத்துப்பிழையோடு.

முதல் படத்துக்கு ஹனோவரில் முட்டை எறிந்தார்கள்.
"எறிய முட்டை இருக்கிறதே, நாடு நிமிர்ந்துவிட்டது!"
கோட்டில் வழிந்த மஞ்சள் கருவைத் துடைக்காமலே
பேட்டி கொடுத்தான்.
மூன்றாவது படத்தில்
ஒரு நீதிபதி ஆறு நிமிடம் கை கழுவுகிறார்.
அவ்வளவுதான் காட்சி.
மேயர் பாதியில் எழுந்து போனார்.
மேயராவதற்கு முன் அவர் நீதிபதி.

அப்புறம் பிரேமேயின் நாவல்.
பள்ளிக்கூடத்தில் பாடமாய் வைத்திருந்தார்களே, அது.
ரயில்நிலைய எழுத்தர் ஒருவர் தேனீ வளர்க்கிறார்.
போர் வருகிறது. போர் போகிறது.
தேன் இருக்கிறது.
"இதையா எடுக்கப்போகிறாய்?"
"இதைத்தான். ஒரு வரி பிசகாமல்."

காசெலில், பழைய புத்தகக் கடையொன்றில்
முதல் பதிப்பு அகப்பட்டது அவனுக்கு.
பின்வந்த பதிப்புகளில் இல்லாத ஒரு தாள்
அதில் இருந்திருக்கிறது.
இருந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி
முதுகுத் தையலில் நிற்கும் விரல்நக அகலக் காகிதம்.
பிளேடால் அறுத்திருந்தார்கள்.
"வெட்டத் தெரிந்த கை" என்றேன்,
தொழில் மரியாதையோடு.
அந்த இடத்தில், நாம் படித்த புத்தகத்தில்
இலையுதிர்காலம் முடிந்த அடுத்த வரியிலேயே
செர்ரி பூக்கும்.
யாருமே கேட்டதில்லை
பனி எங்கே போனதென்று.

பிரேமேக்குக் கடிதம் போட்டான்.
பதில் ஒரு தபாலட்டை:
"அச்சுப் பிழை. திருத்திவிட்டேன்."

அன்றிரவு என்னிடம் சொன்னான்:
"இர்ம்டிராவுட், அந்த இடத்தில் வெறும் வெள்ளைத் திரை.
இரண்டு நிமிடம்.
ஒலியில் ஒரு சரக்கு ரயில், மெதுவாக.
முப்பது பெட்டி.
எண்ணுகிறவர்கள் எண்ணட்டும்."

இரண்டு நிமிடத்துக்கு
இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது கட்டங்கள்.
எல்லாம் வெள்ளை.
ஒன்றைத் தவிர.
என் அப்பா ஹாம் நிலையத்தில்
நேர அட்டவணை எழுதியவர்.
போருக்கு முன்னும், போரிலும், போருக்குப் பின்னும்
அதே மேசை, அதே மசிப்புட்டி.
ஓய்வுபெற்ற அன்று ஒரு தங்கக் கடிகாரம்.
நான் எதுவும் கேட்டதில்லை.
தொப்பி வைத்த அவர் படத்தைப்
பதினேழாவது பெட்டியின் சத்தத்துக்கு மேல்
ஒரே ஒரு கட்டமாக ஒட்டினேன்.
ஸ்ட்ரூவேயிடம் சொல்லவில்லை.

போகுமில் முதல் காட்சி.
வெள்ளை வந்ததும் சீட்டி அடித்தார்கள்,
"எந்திரத்தைப் பாருங்கப்பா!" என்று கத்தினார்கள்.
ரயில் கடந்தது.
செர்ரி பூப்பதற்குள்
மூன்றாம் வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார்.
கையில் தொப்பி. பிரேமே.
திரையின் வெளிச்சத்தில்
முகம் சுண்ணாம்பாய்த் தெரிந்தது.
"நாற்பத்தொன்று," என்றார்.
"நீங்கள் முப்பதில் நிறுத்திவிட்டீர்கள்."
கோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு
இடித்த முழங்கால்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டபடி
வெளியே போனார்.

பத்திரிகைகள் எழுதின,
எழுத்தாளர் சபித்துவிட்டு வெளியேறினார் என்று.

மறுநாள் காலை ஏழு மணி.
முகம் மழிக்காமல் வந்து நின்றான்.
"பதினொரு பெட்டி சேர்."
நாற்பத்துநான்கு நொடி வெள்ளை சேர்த்தேன்.
அப்பாவை எடுத்துவிடலாமா என்று
ஒரு நிமிடம் கத்தரிக்கோலோடு நின்றேன்.

இன்றிரவு தொலைக்காட்சியில் போடுகிறார்கள், அஞ்சலியாம்.
அறிவிப்பும் வந்துவிட்டது:
நடுவே திரை வெளுத்தால்
பெட்டியைத் தட்ட வேண்டாம், கோளாறு அல்ல.

உருளைக்கிழங்கு வெந்துவிட்டது.
விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
நாற்பத்தொன்றையும் எண்ண முடியும் என்னால்.
பதினேழாவதில் மட்டும்
கண் இமைக்காமல் இருக்க வேண்டும்.