லெவிக்கி எதிர் லெவிக்கி

பிப்ரவரி. சாகினா.
கொட்டகைக் கதவை உறைபனி விடமாட்டேன் என்கிறது.
கேஸ் லெவிக்கி தோளால் இடிக்கிறார்.
டோரீன் லெவிக்கி வந்த வண்டியிலிருந்து இறங்கவில்லை,
கண்ணாடியை மட்டும் இரண்டு விரல் இறக்கியிருக்கிறார்.

நீதிமன்றம் அனுப்பிய ஆள் நான்.
என் பையில் டார்ச், படிவம்,
துணியில் சுற்றிய ஒரு காந்தம்.

உள்ளே இரண்டு. இரண்டும் எழுபதாம் வருடம்.
சிவப்பு ஷெவெல், கறுப்புப் பட்டை.
மஞ்சள் பியூக், அதற்கும் கறுப்புப் பட்டை.
ஒரே கம்பெனியின் பிள்ளைகள்,
ஒரே எலும்பு, வேறு வேறு கோபம்.

ஷெவெல்லுக்குக் காகிதத்தில் நானூற்றைம்பது குதிரை.
பியூக்குக்கு முந்நூற்றைம்பதுதான்,
காப்பீட்டுக்காரனுக்குப் பயந்து குறைத்து எழுதியது என்பார்கள்.
ஷெவெல் ஊரைக் கூட்டிவிட்டுத்தான் ஓடும்.
பியூக் முதலில் இழுக்கும்,
முதுகு இருக்கையில் பதிந்த பிறகே
என்ன நடந்தது என்று யோசிப்போம்.

காந்தத்தை வைத்தேன்.
ஷெவெல்லின் பின்சக்கர வளைவில் அது நிற்கவில்லை,
வழுக்கி என் பூட்ஸில் விழுந்தது.
பெயின்டுக்கு அடியில் இரும்பு இல்லை, வெறும் பட்டி.
"எண்பத்தொன்று, ரோட்டில் போட்ட உப்பு"
என்றார் கேஸ், நான் கேட்காமலே.

பியூக்கில் எங்கே வைத்தாலும் ஒட்டியது.
ஆனால் பின் இருக்கையில் சிகரெட் சுட்ட ஓட்டை ஐந்து.
டாஷ்போர்டு அறைக்குள் டோரீனின் கையெழுத்தில்
ஆயில் மாற்றிய தேதிகள்,
பதினாறு வருடம்,
பிறகு ஒன்றுமில்லை.
ஃபிளின்ட்டில் அதைப் பூட்டிய கைகளில்
அவர் அப்பாவின் கையும் உண்டு என்று
வக்கீல் கடிதம் சொன்னது.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

யாருக்கு எது என்பது என் வேலை அல்ல.
கிளப்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவே.
ஷெவெல் மூன்றாம் முறை இருமி எழுந்தது.
கூரைத் தகரம் அதிர்ந்து
சிலந்திவலை ஒன்று என் தொப்பியில் இறங்கியது.
யாரும் அசையவில்லை.

பியூக் முதல் திருகலிலேயே.
அடிவயிற்றிலிருந்து, அவசரமில்லாமல்.
வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம்.
டோரீன் பனியை மிதித்து வந்து
பானெட்டின் அந்தப் பக்கம் நின்றார்.
இந்தப் பக்கம் கேஸ்.
இரண்டு தலையும் ஒரே கோணத்தில் சாய்ந்தன.

"லிஃப்டர் தட்டுது."
இருவரும். ஒரே மூச்சில்.

என் பேனா உறைந்திருந்தது, வாயருகே வைத்து ஊதினேன்.
எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
இடது, என்றார் கேஸ்.
வலது, என்றார் டோரீன்.

நூற்றைம்பது டாலர் கழித்து எழுதினேன்,
பக்கம் குறிப்பிடாமல்.